பின்மதிலில் வைத்த மடை

முடிச்சூரில் மனை வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் மதில்தான் கட்டினார்கள். பக்கத்து மனைக்காரர் அரை அடி தள்ளி வந்துவிடுவாரோ என்ற பயம். காந்திமதியும் யேசுதாசனும் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும் முன்பே நாலு பக்கமும் இடுப்பளவு மதில் எழுப்பிவிட்டார்கள். தொண்ணூற்று இரண்டில் குடிவந்தபோது, பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெயவேலுவின் நெல்வயல் ஒன்றுதான் விற்காமல் மிச்சம். இவர்கள் மனையும் அவர் விற்றதுதான்.

முதல் ஐப்பசியில் தண்ணீர் வீட்டைச் சுற்றி வாரக்கணக்கில் நின்றது. சமையலறைச் சுவர் முழங்காலளவு உப்பு பூத்து, பூச்சு உதிர்ந்தது. பெட்டியிலிருந்த போர்வைகளில் பூஞ்சை. அடுத்த வருடம் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டது. மறைமலை நகரில் ஷிஃப்ட் முடிந்து வந்த யேசுதாசன், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்:

"அடுத்த மழையும் இப்படின்னா, வந்த விலைக்குத் தள்ளிட்டு தாம்பரத்துலயே வாடகைக்குப் போயிடலாம்."

காந்திமதி கல்யாணமான பதினோரு வருடத்தில் ஆறு வாடகை வீடு மாறியவள். ஆறு வீட்டுக்காரர்களும் எத்தனை மணிக்குக் குழாயைப் பூட்டுவார்கள் என்பது இன்னும் அவளுக்கு மனப்பாடம்.

மூன்றாம் வருடம் முதல் மழை ஒரு ஞாயிறு காலையில் பிடித்தது. கோயிலுக்குப் போகாமல் குடையோடு முற்றத்தில் நின்றாள். தெருத் தண்ணீரில் வந்த வேப்பிலைகள் கேட்டின் அடியில் நுழைந்து, வீட்டோரமாகப் பின்பக்கம் ஓடின. மதிலில் முட்டி நின்றன. பிறகு மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பின.

மழை விட்டதும் வரப்பில் நின்ற ஜெயவேலுவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்த மதில் இருக்கற எடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"என் மடதான் இருந்துச்சு. மேல்வயல் தண்ணி இப்டிதான் வாய்க்காலுக்கு எறங்கும். நீங்க அது மேலயே செவுரு வச்சிக்கினீங்க."

"விக்கும்போது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்கம்மா கேட்ட? ரோடு வருமா, கரண்டு வருமான்னு கேட்ட. தண்ணி எங்க போவும்னு ஒருத்தன் கேக்கல."

"இப்ப கேக்கறேன். மதில்ல ஓட்டை போட்டு உங்க வாய்க்கால்ல விட்டுக்கட்டுமா?"

ஜெயவேலு வாய்க்காலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "மழத்தண்ணி வுட்டுக்கோ. துணி தொவைக்கிற சோப்புத் தண்ணி வந்துதுன்னு வையி, நானே வந்து அடைச்சிட்டுப் பூடுவேன்."

யேசுதாசனுக்குத்தான் மனசு வரவில்லை. "கட்டின மதிலை நாமளே இடிக்கறதா? பாம்பு வரும்."

"வர்ற பாம்பு கேட் வழியாவே வந்துகிட்டுதான் இருக்கு. நீங்க கடப்பாரையை எடுங்க."

தரையோடு தரையாக இரண்டு செங்கல் அகலத்துக்கு இடித்து, கம்பி வலை வைத்தார்கள். கேட்டிலிருந்து அதுவரை, வீட்டை விட்டு மூன்றடி தள்ளி, சரிவாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். துவைக்கிற கல்லின் தண்ணீரை வாழைக்குத் திருப்பினாள்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. கால்வாய் நிரம்பி ஓடியது. வலையில் குப்பை அடைக்க அடைக்க, காந்திமதி துடைப்பக்கட்டையோடு போய்த் தள்ளிவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் வீட்டு வாசலின் முதல் படி முழுகியது. இரண்டாம் படியைத் தொடவில்லை.

அன்று வேலையிலிருந்து வந்த யேசுதாசன் நேராகச் சமையலறைக்குப் போய் வெறுங்காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். ஈரம் இன்னும் இருந்தது. ஆனால் அது போன வருடத்து ஈரம்.

"பொங்கலுக்குள்ள பூசி, டிஸ்டெம்பர் அடிச்சுடலாமா?" என்றார்.

"அவசரப்படாதீங்க. சித்திரை வெயில்ல முழுசாக் காயட்டும். அப்புறம் சுண்ணாம்பு அடிச்சாப் போதும்" என்றாள். "இங்கதான இருக்கப்போறோம்."