ஹல்லா பார்ட்டி

போர்ட் பிளேரில் அந்த நாட்களில் டிரம் செட் என்று சொல்லத்தக்க ஒன்று என்னிடம்தான் இருந்தது. அதனால் ஒரே சமயத்தில் மூன்று குழுக்களில் எனக்கு இடம் கிடைத்தது. திறமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பெரிய டிரம் ஏதோ பேண்டுக் குழு கழித்துப் போட்டது. சின்னது எங்கள் கோயில் திருவிழாவுக்கு வாங்கி, தோல் கிழிந்ததும் என் கைக்கு வந்தது. சிம்பல் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தது, வரும்போதே ஓரத்தில் ஒரு விரிசலோடு.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா ஐம்பதுகளில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து படகு கட்டும் வேலைக்காக வந்தவர். நான் ஒரு பட்டறையில் எலக்ட்ரீசியன். முதல் குழு எங்கள் தெருக்காரர்களுடையது, கிறிஸ்துமஸுக்கும் கல்யாணங்களுக்கும் வாசிப்போம். இரண்டாவது, தீவிலேயே பிறந்து ஹிந்தியே தாய்மொழியாகிவிட்ட நண்பர்களுடையது. மூன்றாவதைத்தான் ஊரில் ‘ஹல்லா பார்ட்டி’ என்றார்கள். ஹல்லா என்றால் கூச்சல். கேலியாக வைத்த பெயரை நாங்களே எடுத்துக்கொண்டோம்.

அதில் மூன்று பேர். பாடியவன், பாடினான் என்பதைவிடக் கத்தினான் எனலாம், பட்டறையில் வெல்டிங் செய்த வங்காளி நண்பன். கிட்டார் வாசித்தவன் ராஞ்சிக்காரன். காட்டில் மரம் வெட்டி இழுக்கும் வேலைக்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து கூட்டி வரப்பட்ட குடும்பம் அவனுடையது. பழைய டெலிபோன் ரிசீவரின் காந்தத்தை அவன் கிட்டாருக்குள் நான் பொருத்திக் கொடுத்தேன். வால்வு ரேடியோ ஒன்றைப் பிரித்து ஆம்ப்ளிஃபையர் செய்தேன். அதிலிருந்து வந்த சத்தம் தகரத்தைக் கிழிப்பது போலிருக்கும். எங்கள் பாட்டு எதுவும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. வராத கப்பல், ரேஷன் வரிசை, கொசு, சூப்பர்வைசர், இவைதான் பாட்டின் விஷயம். மூன்று குழுக்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஊரில் ஒரு ஹால் இருந்தது. அதன் கமிட்டியில் செயலாளராக இருந்தவர் என் அக்காவின் கணவர். மூன்று குழுக்களும் ஒரே நாளில் வாசிக்க இடம் தர முடியுமா என்று அவரிடம் கேட்டேன்.

“ஹால் தாரேன் மாப்ள. ஞாயித்துக்கெழம மத்தியானம் வச்சிக்கோ. ஆனா ஒண்ணு. ராஞ்சி லேபர் ஆளுவ உள்ள வரப்படாது.”

“எங்க கிட்டார்காரனே ராஞ்சிதான அத்தான்?”

“அவன் வரட்டும். பின்னால படி இருக்குல்லா, அது வழியா ஏறி, வாசிச்சிட்டு, அப்படியே எறங்கிப் போவட்டும். அவன் சனத்தக் கூட்டியாந்து ஒக்கார வச்சான்னா கமிட்டில ஒருத்தனும் என்னைய விட்டு வைக்க மாட்டான். ஃபேமிலியா வாற எடம் பாத்துக்க.”

“சரி அத்தான்” என்றேன்.

முதலில் வாசித்துவிடுவோம், கேட்டால் அவர்களுக்கே பிடித்துவிடும், அடுத்த தடவை எல்லாரையும் கூட்டிவரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிட்டார்காரனிடம் சொல்லவில்லை. அதன்பின் இரண்டு வாரம் தினமும் அவனோடு ஒத்திகை பார்த்தேன். ஒரு நாள் அவன் கம்பியை முறுக்கிக்கொண்டே, தன் அம்மாவும் வரப்போவதாகச் சொன்னான். அவன் வாசித்து அவள் இதுவரை கேட்டதே இல்லையாம். எங்களுக்குள் ஹிந்திதான் பேச்சு. “அச்சா” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த ஒரு ஸ்க்ரூவை நான் மேலும் இறுக்கினேன்.

அந்த ஞாயிறு மூன்று மணிக்கெல்லாம் ஹால் நிரம்பிவிட்டது. அக்கா கைக்குழந்தையோடு இரண்டாவது வரிசையில் இருந்தாள். அம்மா அவளுக்குப் பின்னால். ஆம்ப்ளிஃபையரைத் தூக்க வசதி என்று சொல்லி கிட்டார்காரனைப் பின்படி வழியாக அழைத்து வந்தேன். அவனும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஏறினான். முதல் குழு வாசித்து முடித்தது. இரண்டாவது குழுவின் கடைசிப் பாட்டில், திறந்திருந்த முன்வாசல் வழியாக அவர்கள் வருவதைப் பார்த்தேன்.

முப்பது பேர் இருக்கும். பெண்கள் தலையில் பூ வைத்திருந்தார்கள். ஆண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்கள். சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் முன்னால் வந்தவள் அவன் அம்மா. வாலண்டியர்கள் ஒரு பெஞ்சை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டார்கள். அத்தான் அதன் பின்னால் போய் நின்றார். வெளியே நின்றவர்கள் சண்டை போடவில்லை, அப்படியே நின்றார்கள். எனக்குத் தாளம் தப்பியது.

பாட்டு முடிந்ததும் கிட்டார்காரன் மேடைக்கு வந்து வயரைச் செருகினான். நிமிர்ந்தபோது வாசலைப் பார்த்துவிட்டான்.

“உன்கோ கியோன் ரோக்கா?” ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டான். நான் குனிந்து பெடலைச் சரிசெய்தேன். அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு மெதுவாக, “துஜே மாலும் தா?” என்றான். உனக்கு முன்பே தெரியுமா?

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் வயரைப் பிடுங்கினான். ஹால் முழுக்கத் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டது, குழந்தைகள் அழுதன. மேடையிலிருந்து குதித்து நடுவழியாக நடந்தான். பெஞ்சைத் தாண்டி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். முப்பது பேரும் திரும்பிப் போனார்கள்.

“ஷுரு கரோ!”, ஆரம்பியுங்கள் என்று பின்வரிசையில் விசிலடித்தார்கள். வெல்டர் மைக்கைப் பிடித்து, எங்கள் கிட்டார்காரனின் தாயை உள்ளே விடவில்லை, ஆகவே நாங்கள் வாசிக்க மாட்டோம் என்று மூன்று தடவை சொன்னான். ஹால் இரண்டாகக் கிழிந்தது. ஒரு பக்கம் கைதட்டல், ஒரு பக்கம் வசவு. ஒரு நாற்காலி மேடைக்குப் பறந்து வந்தது. நான் சிம்பலை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. அத்தான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கலே போற? சனம் ஒக்காந்திருக்கு.”

“விடுங்க அத்தான்.”

அவர் இழுத்தார், நான் தள்ளினேன். விரிசல் விட்ட ஓரம் அவர் புருவத்தில் ஏறியது. வெள்ளைச் சட்டை பொத்தான் வரைக்கும் ரத்தம். அக்கா குழந்தையோடு எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள். அவரை அவள் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“நீ சரின்னு சொல்லித்தான இவுக ஹால் குடுத்தாக? அப்ப எங்க போச்சு ஒன் ரோசம்?”

சிம்பலைத் தரையில் வைத்தேன்.

ஹால் கதவு எங்களுக்கு மூடிக்கொண்டது. தெருக்காரர்கள் தங்கள் குழுவிலிருந்து என்னை விலக்கினார்கள். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன் அப்பா, “அந்த வீட்டுக்குப் போயிட்டு வா” என்றார்.

“எந்த வீட்டுக்குப்பா?”

“ரெண்டு வீட்டுக்குந்தான்.”

அத்தான் வீட்டுக்கு முதலில் போனேன். புருவத்தில் நான்கு தையல். கதவைத் திறந்தவர் நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ராஞ்சிக்காரர்கள் குடியிருந்த லேபர் லைனுக்குப் போனது அதைவிடக் கஷ்டம். தகரக் கூரை போட்ட வீடுகள் வரிசையாக இருக்கும். நான் நடக்க நடக்க ஒவ்வொரு வாசலிலும் பேச்சு நின்றது. கிட்டார்காரன் தன் வீட்டு முன்னால் கோடரிக்குப் பிடி செருகிக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை. எனக்கு இரண்டு வாரம் முன்பே தெரியும், ஒப்புக்கொண்டேன், மறைத்தேன் என்று நின்றபடியே சொன்னேன்.

அவன் கோடரியைக் கீழே வைத்தான். “பின்படி வழியாக ஏற்றினாயே, அதுவும் அவர்கள் சொன்னதுதானா?”

இதை அவன் கேட்பான் என்று நான் நினைக்கவில்லை. “ஆமாம்” என்றேன். சுற்றி நின்ற ஆண்களில் ஒருவர் ஒரு அடி முன்னால் வந்தார். கிட்டார்காரன் கையை நீட்டி அவரைத் தடுத்தான், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அவன் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். “உன் அம்மா வந்திருந்தாளா?” என்று கேட்டாள். வந்திருந்தாள், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள் என்றேன். அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு மாதம் போயிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் பட்டறை கேட்டில் கிட்டார்காரன் நின்றுகொண்டிருந்தான். ஃபெர்ரியில் தாண்டினால் அக்கரையில் இருக்கும் பம்பூபிளாட்டில் ஓர் இடம் பார்த்திருப்பதாகச் சொன்னான். படகு பழுது பார்க்கும் கொட்டகை. எட்டுத் தூண், மேலே தகரம், சுவர் கிடையாது. “வருகிற எல்லாரும் ஒரே பக்கமாக வரட்டும். யார் கேட்டாலும் மைக்கைக் கொடுக்க வேண்டும். கூப்பிட வேண்டியது நீ. வீடு வீடாக, நீயே போய்ச் சொல்ல வேண்டும்.”

போனேன். எங்கள் தெருவில் சில வீடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. சிப்பிகாட் கிராமத்தில் வங்காளி விவசாயிகள் வயலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார்கள். தெலுங்கு மீனவர்கள், சத்தம் அதிகமாக இருக்குமா என்று கேட்டு, இருக்கும் என்றதும் வருவதாகச் சொன்னார்கள். லேபர் லைனுக்கும் போனேன். அங்கே வருகிறோம் என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை.

வந்தார்கள். பட்டறையில் பழுது பார்த்த பழைய ஜெனரேட்டரைக் கேட்டு வாங்கி ஓட்டினோம். வெளிச்சம் சீக்கிரம் சாய்ந்துவிடும் ஊர், கடைசி ஃபெர்ரியையும் பிடிக்க வேண்டும், அதனால் இரண்டு மணிக்கே ஆரம்பித்தோம். ஐந்தாவது பாட்டில், ஃபெர்ரி வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கமிருந்து ஆறு பேர் வருவது தெரிந்தது. அத்தானும் கமிட்டி ஆட்களும். இரண்டு பேர் கையில் கட்டை. என் கை தானாக வேகமெடுத்தது. கிட்டார்காரன் திரும்பி முறைத்தான். பிறகு அவனும் பார்த்தான். வெல்டர் கத்துவதை நிறுத்தினான். ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தரையில் உட்கார்ந்திருந்த ராஞ்சி ஆண்கள் எழுந்தார்கள். கிட்டாரைத் தோளில் மாட்டியபடியே அவன் தகரத்தின் விளிம்பு வரை போய் நின்றான்.

“ஆவோ. ஜகா ஹை.” வாருங்கள், இடம் இருக்கிறது.

கட்டை வைத்திருந்த ஒருவன் காறித் துப்பினான். துப்பியது கிட்டார்காரனின் காலுக்கு அருகில் விழுந்தது. யாராவது ஒருவர் கையை ஓங்கியிருந்தால் அன்றைக்கு உயிர்ச்சேதம் ஆகியிருக்கும். அப்போது கூட்டத்துக்கு நடுவிலிருந்து என் அம்மாவின் குரல் கேட்டது.

“மருமவனே, வெயில்ல ஏன் நிக்கிய? தையல் போட்ட எடம் வேர்க்கப்படாது. உள்ள வாங்க.”

எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். மாமியார் கூப்பிட்டு வராமல் இருப்பது எப்படி? அவர் முகம் கறுத்தது. பிறகு தகரத்துக்கு அடியில் வந்து ஒரு தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். மற்ற ஐந்து பேரும் வெளியேயே நின்றார்கள். கட்டையை அவர்கள் கீழே போடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் மீதிப் பாட்டை வாசித்தேன். ஒரு தெலுங்கு மீனவர் எழுந்து மைக்கைக் கேட்டார். கரைவலை இழுக்கும்போது போடும் சத்தத்தைப் போட்டார். நான் அதற்கு அடித்தேன், கிட்டார்காரன் பிடித்துக்கொண்டான், கூட்டம் மொத்தமும் திருப்பிக் கத்தியது. என் அம்மாவும் கத்தினாள்.

திரும்புவதற்கு எல்லாருக்கும் ஒரே ஃபெர்ரி. கட்டைக்காரர்களும் லேபர் லைன்காரர்களும் எங்கள் தெருக்காரர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். கிட்டார்காரனின் அம்மா பலகையில் நகர்ந்து, அத்தானைப் பார்த்து, “பைட்டோ பேட்டா” என்றாள். அவர் உட்காரவில்லை. எங்கள் கரையின் சாத்தம் ஜெட்டி வரும்வரை கம்பியைப் பிடித்து நின்றே வந்தார்.

அந்தக் கொட்டகையில் மூன்று வருஷம் வாசித்தோம். புதிது புதிதாகக் குழுக்கள் முளைத்தன. வயலிலிருந்து வந்த இரண்டு வங்காளிச் சகோதரிகள் ஒரு குழு. ராஞ்சிப் பெண்கள் ‘மாந்தர்’ என்ற தங்கள் மேளத்தோடு ஒரு குழு. டிரம் செட் ஒன்றுதான், எல்லாரும் அதிலேயே அடித்தார்கள். ஒரு சமயம் நான் நான்கு குழுக்களில் இருந்தேன். அத்தான் அதன்பின் வரவேயில்லை. ஆனால் அக்கா தவறாமல் வந்தாள். அவர் சாத்தம் ஜெட்டி வரை குழந்தையைத் தூக்கி வந்து அவளிடம் கொடுப்பார். சாயங்காலம் அதே இடத்தில் வந்து வாங்கிக்கொள்வார்.

பிறகு கிட்டார்காரனுக்கு நடு அந்தமானில் ரங்கத் பக்கம் காட்டு முகாமில் வேலை வந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். படகில் சாமான் ஏற்றும்போது, என் மேல் இன்னும் கோபமா என்று கேட்டேன். மூன்று வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.

அவன் யோசித்தான். “குஸ்ஸா நஹீன். லேக்கின் யாத் ஹை.” கோபம் இல்லை. ஆனால் மறக்கவில்லை.

ஆம்ப்ளிஃபையரை அவன் எடுத்துப்போவது என்று முன்பே பேசியிருந்தோம். கனமான பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். இருவரும் அதைத் தூக்கிப் படகில் வைத்தோம்.