பழைய பிளேட்டைப் போலவே ஒன்று

அந்தச் சிவப்புக் காரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உட்காரலாம் என்றால் இரண்டே பேர். பை வைக்க இடமில்லை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். வண்டிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு பூனை படுத்தால் அதற்கே மூச்சு முட்டும். அதன் அடியில்தான் என் வீட்டுக்காரர் போய்ப் படுத்தார், அதுவும் இனிமேல் பாரம் தூக்கினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்த பிறகு.

அவருக்குத் தெருவில் பாதாளம் என்று பெயர். அவருடைய மெக்கானிக் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, கால்தான் தெரியும். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கும். குனிந்து "பாதாளம் அண்ணே!" என்றால் உள்ளேயிருந்து "ம்" என்று வரும். வீட்டிலும் அதே "ம்"தான். கல்யாணமான புதிதில், ஊமையைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று நான் அம்மாவிடம் அழுதிருக்கிறேன். வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருக்கிறது. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் சோப்புத்தூள் போட்டுக் கை தேய்ப்பார், நான் மக்கில் மொண்டு ஊற்றுவேன், தண்ணீர் கறுப்பாக ஓடும். நாங்கள் நாலு வார்த்தை பேசிக்கொள்வது அப்போதுதான்.

இடுப்பு போய்விட்டது. காலையில் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்ப நானும் சுவரும் சேர்ந்து உழைக்க வேண்டும். என் தம்பி பக்கத்துத் தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். வாய்க்கு வாடகை கிடையாது அவனுக்கு. "இடுப்புக்கும் ஒரு பிளேட்டு எடுத்துத் தரவா அத்தான், கடையில ஸ்டாக் இருக்கு" என்பான். ஆனாலும் "நம்ம கடையில வந்து உட்காருங்க அத்தான்" என்று முதலில் சொன்னதும் அவன்தான். சண்டை போட்டு, அழுது, சாப்பிடாமல் கிடந்து, அடுத்த மாதத்திலிருந்து கடையில் உட்காருவதாக இவரிடம் வாக்கு வாங்கினேன். அப்போது பார்த்து இந்த வண்டி வந்தது.

வண்டிக்காரர் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதான காலத்தில், வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட மாதிரி, அந்தப் பழைய வண்டியை வாங்கியிருந்தார். மேடு ஏறினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. கிளட்ச் தேய்ந்துவிட்டது.

"இது ஒண்ணுதான். சரின்னு சொல்லிட்டேன்" என்றார் இவர்.

கியர்பாக்ஸை இறக்கினால்தான் கிளட்ச் கண்ணில் படும். படுத்த வாக்கில் நெஞ்சுக்கு மேலே அதைத் தாங்கிக் கீழே கொண்டுவர வேண்டும். இறக்கினார். தம்பி வண்டியின் வருஷத்தைப் பார்த்து ஒரு பிளேட்டைக் கொடுத்தான். நடுத்துளையின் பல்வரிசை கியர்பாக்ஸிலிருந்து நீளும் ஷாஃப்டில் ஏறவில்லை. "வருஷத்தை நம்பினா இப்படித்தான்" என்று சொல்லி, கழற்றிய பழைய பிளேட்டையே எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதே அகலம், அதே பல், பிளேட்டை அழுத்திப் பிடிக்க அதற்கேற்ற மூடி என்று ஒரு செட் கொண்டுவந்தான். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். பொருந்தியது. கியர்பாக்ஸை மேலே ஏற்றினார். வண்டி தெருக்கோடி வரை போய்ச் சமர்த்தாகத் திரும்பி வந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அன்று சாயங்காலம் கை தேய்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஓரத்துல துரு இருந்துச்சு" என்றார்.

"எதுல?"

"எஞ்சினோட சேர்ந்து சுத்துமே, அந்தச் சக்கரத்துல. பிளேட்டு உரசுற இடம் பளபளன்னு இருக்கு. அதுக்கு வெளியில ஒரு விரல் அகலத்துக்குச் சுத்திவர துரு. அங்க எதுவுமே உரசினதில்ல. மூடியை மாட்டுற போல்ட் ஓட்டையும் வெளிவட்டத்துல இன்னொரு வரிசை இருக்கு, அழுக்கு அடைச்சுப்போய். வேற வண்டிக்கு வேணும்னு போட்ட ஓட்டையா இருக்கும்னு விட்டுட்டேன்."

எனக்குப் பாதி புரிந்தது, மீதியை அவர் முகம் சொல்லிவிட்டது. அந்தச் சக்கரத்துக்கு உரியது பெரிய பிளேட். முன்பு எந்தப் புண்ணியவானோ கையில் கிடைத்த சின்னதைப் போட்டு மூடியிருக்கிறான். அதனால்தான் அது சீக்கிரம் தேய்ந்தது. நாங்களோ பழையதைப் போலவே வேண்டும் என்று தேடிப் பிடித்து அதே தப்பைப் புதிதாக வாங்கி மாட்டியிருக்கிறோம்.

"வண்டி ஓடுதா இல்லையா?" என்றேன்.

"ஓடுது. எத்தனை நாளைக்கு?"

"உங்க இடுப்பு எத்தனை நாளைக்கு? அதை யோசிச்சீங்களா? வாயை மூடிட்டு சாவியைக் கொடுங்க. நமக்கு முன்னாடி போட்டவன் நிம்மதியாத்தானே தூங்குறான்?"

அவர் திரும்பக் கை தேய்க்க ஆரம்பித்தார். பிறகு, "அவனுக்கும் இடுப்பு வலிச்சிருக்கும்" என்றார். "காலையில கழட்டிடுறேன்."

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. மக்கைத் தொட்டிக்குள்ளேயே வீசிவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் பல் டாக்டர் வந்தபோது இவர் எழுந்திருக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். கொடுத்து அனுப்பிவிட்டால் தீர்ந்தது, கழற்றுவதற்கு வண்டியே இருக்காது. பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். வண்டிக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "பாதாளம் கை வச்சா நான் ஏன் எதுக்குன்னு கேட்கவே மாட்டேன்மா" என்றார்.

நாசமாய்ப் போன நாக்கு எனக்கு. கொட்டிவிட்டேன். "கேட்டிருக்கணும் சார் நீங்க! அது தப்பான பிளேட்டு. அவர் எந்திரிச்சா திரும்பக் கழட்டுவார். கழட்டினார்னா அப்புறம் அவரால எந்திரிக்கவே முடியாது. என்ன செய்யட்டும் நான், சொல்லுங்க!"

அவர் சாவிக்காக நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"கழட்ட வேண்டியதைக் கழட்டித்தான் ஆகணும்மா. ஆனா அவரே ஏன் கழட்டணும்? என் கை நடுங்க ஆரம்பிச்சதும், பக்கத்துல உட்கார்ந்து இன்னொருத்தரைச் செய்யச் சொன்னேன். உயிரே போன மாதிரி இருந்துச்சு. ஆனா பல்லு ஒழுங்கா உட்கார்ந்துச்சு."

தம்பிக்குப் போன் போட்டேன். வந்தான். விஷயத்தைக் கேட்டதும் வண்டியையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, நான் விக்கிறவன். அடியில படுக்கிறவன் இல்ல."

"நீ வித்ததுதானேடா உள்ள இருக்கு? படு."

சத்தம் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இவர் வந்தார். "நகருங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றார். நான் குறுக்கே நின்றேன். "நீங்க அடியில போனா நானும் வந்து படுத்துக்குவேன். ரெண்டு பேரையும் இவங்களே இழுத்து வெளிய போடட்டும்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

தம்பி அடியில். பல் டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஜாக்கியில். இவர் ஸ்டூலில். "மேல இடது பக்கம் ஒரு போல்ட் இருக்கும் மச்சான், கண்ணுக்குத் தெரியாது, விரலால தேடு. அவசரப்படாத. சார், கொஞ்சம் இறக்குங்க. போதும், போதும்!" கல்யாணமானதிலிருந்து என்னிடம் பேசியதைவிட அன்று ஒரே நாளில் அதிகம் பேசினார். பேசும்போதெல்லாம் அவர் விரல்கள் மடியில் திருகிக்கொண்டே இருந்தன. நான் டீ போட்டுப் போட்டுக் கொண்டுவந்தேன்.

கியர்பாக்ஸ் இறங்கியது. அவர் சொன்னபடியே துரு வளையம் இருந்தது. வெளிவட்டத்து ஓட்டைகளில் அடைந்திருந்த அழுக்கைப் பல் டாக்டர் தன் பழைய கொக்கி ஊசியால் சொத்தைப் பல்லை நோண்டுவதுபோல நோண்டி எடுத்தார். ஓட்டைக்கு ஓட்டை அளந்துகொண்டு தம்பி கடைக்கு ஓடினான். அந்த அளவு, அடுத்து வந்த வருஷங்களின் பெரிய எஞ்சின் வண்டியுடையதாம். யாரோ எப்போதோ எஞ்சினையே மாற்றியிருக்கிறார்கள். அவன் கொண்டுவந்த பிளேட் ஷாஃப்டில் வழுக்கிக்கொண்டு ஏறியது. சக்கரத்தில் வைத்தால் துருவை முழுக்க மறைத்தது. பல் டாக்டர் கைதட்டினார். இவர் "ம்" என்றார்.

திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு ஆட்டோக்காரர் வந்தார். வழக்கம்போலக் குனிந்து, அடியில் தெரிந்த கால்களைப் பார்த்து, "பாதாளம் அண்ணே!" என்று கூப்பிட்டார்.

"அவரு மேல இருக்காருய்யா!" என்று கீழேயிருந்து கத்தினான் தம்பி.

ஆட்டோக்காரர் நிமிர்ந்து ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்தார். யாரென்று அவருக்குத் தெரியவில்லை. இவர் கையை லேசாகத் தூக்கி, "நான்தாம்பா" என்றார்.

சாயங்காலம் வண்டி மேட்டுத் தெருவில் ஏறிப் போன சத்தம் வீடு வரை கேட்டது. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவர் அடியில் போகவில்லை, இனிமேல் போகவும் மாட்டார். அடுப்படியில் நின்று பார்த்தபோது, தொட்டி ஓரத்தில் சோப்புத்தூளைக் கையில் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் விரலாக, நகக்கண் விடாமல்.

கையில் ஒன்றுமே இல்லை. நான் போய் மக்கை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். தெளிவாகவே ஓடியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

ஊற்றினேன்.