எடை சரியாக இருந்த மீன்கள்

பதினேழு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. ஏரியில் பிடித்துவரும் மீனைப் பலகையில் கிடத்தி நீளம் பார்ப்பாள், தராசில் வைத்து எடை பார்ப்பாள். இரண்டையும் கணக்கில் போட்டால், மீன் தேறியிருக்கிறதா மெலிந்திருக்கிறதா என்று சொல்லும் ஓர் எண் வரும். ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் தராசு அக்கா.

அந்த வருடமும் எண் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அறுத்துப் பார்த்தால் ஈரல் நூலாய்க் கிடந்தது. சதை கையில் கொழகொழத்தது. ஏரியில் மீன் பிடித்து விற்கும் வலைக்காரரும், "என்னம்மா, மீனு வெறும் தண்ணியா இருக்கு. வாங்கினவங்க என்னைத் திட்டறாங்க" என்றார்.

அதிகாரியிடம் சொன்னாள். அவர் நிமிரக்கூட இல்லை.

"எடை சரியா இருக்குல்ல? அப்புறம் என்ன? வெள்ளிக்கிழமை அறிக்கை போகணும்."

எனக்கென்ன வந்தது என்று விட்டிருக்கலாம். இடுப்புவலி வேறு உயிரை வாங்கியது. மனசு கேட்கவில்லை. பத்து மீன்களை எடை போட்டு உலர்த்தும் அடுப்பில் வைத்தாள். இனி எடை குறையாது என்று ஆகும்வரை இரண்டு நாள் எடுத்து எடுத்து நிறுத்தாள். நூறு கிராமுக்கு எண்பத்துமூன்று கிராம் தண்ணீர். ஒருமுறை இப்படி உலர்த்திப் பார்த்துக் குறித்திருந்த பழைய நோட்டில், நல்ல தீனி இருந்த வருடத்தில், எழுபத்தாறு. பட்டினி மீன் தன் கொழுப்பைத் தின்று தீர்த்திருந்தது. அந்த இடத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவள் எழுதிக் கொடுத்த தாளை அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"அப்போ போன வருஷம் அனுப்பினது?"

"அதுவும் தப்பாத்தான் இருக்கும் சார்."

அவர் அறிக்கையை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"எல்லா மீனையும் காய வைக்கணுமா?"

"வேண்டாம் சார். தராசுல வேலை சீக்கிரம் முடியுது, அதை விட வேண்டாம். இருபதுக்கு ஒண்ணைக் காயவெச்சுப் பார்த்தா போதும்."

"யார் செய்யறது?"

அங்கே வேறு ஆள் இல்லை.

அறிக்கை நின்றது. இருக்கிற தீனி இத்தனை மீனுக்குப் போதாது என்று, ஏரியில் மீன்குஞ்சு விடுவதைப் பாதியாகக் குறைத்தார்கள்.

வீட்டில் கணவர் அவள் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே, "சும்மா கிடந்த சங்கை ஊதிட்டு வந்திருக்க" என்றார்.

"ஆமா. கொஞ்சம் கீழ தேயுங்க."

மறுவருடம் மீனில் தண்ணீர் எழுபத்தெட்டுக்கு இறங்கியது. ஆய்வுக்கூடத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வலைக்காரர் மட்டும், "இப்ப பரவாயில்லம்மா" என்றார். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த தட்டை அடுப்பில் வைத்தாள்.