ஜீவராணி கேட்காமல் விட்டது

ஜீவராணி முப்பது வருடம் குடும்பநல மருத்துவமாதாக இருந்தார். அதில் கடைசிப் பதினொரு வருடம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கிளினிக்கில். சென்ற மாதம் பன்னிரண்டாம் திகதி இறந்தார். வயது அறுபத்து மூன்று.

கிளினிக்கில் அவருடைய மேசையில் ஒரு தட்டு இருக்கும். அதில் கருத்தடைக் குளிசை அட்டை, ஊசி மருந்துப் போத்தல், கருப்பைக்குள் வைக்கும் செம்புக் கம்பி சுற்றிய லூப், தீக்குச்சி அளவில் இரண்டு மெல்லிய குச்சிகள். வருகிற பெண்ணின் கையில் ஒவ்வொன்றாகக் கொடுப்பார். எது எத்தனை வருடம் வேலை செய்யும், எதில் மாதவிடாய் மாறும், எதை நினைத்தபோது எடுத்துவிடலாம் என்று ஒன்றும் விடாமல் சொல்வார். எது நல்லதென்று மட்டும் சொல்லமாட்டார். அது அவளுடைய உடம்பு, அவள்தான் சொல்லவேண்டும் என்பது அவர் கட்சி.

வெள்ளையம்மா ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தவள். இரண்டு பிள்ளைகள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமையல் வேலை. பிரஷர் இருந்ததால் வழமையான குளிசை அவளுக்குச் சரிவராது. கைத்தோலுக்குக் கீழே வைக்கும் குச்சிகளைத் தெரிந்தெடுத்தாள். ஐந்து வருடம் யோசிக்கத் தேவையில்லை என்பது அவளுக்குப் பிடித்துக்கொண்டது. நாள் தப்பி இரத்தம் படலாம், அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று ஜீவராணி விளக்கினார்.

"சரிங்க மிஸ்ஸி" என்றாள்.

மூன்றாம் மாதம், எடுத்துவிடலாமா என்று கேட்டு வந்தாள். எடுக்கலாம், ஆனால் கொஞ்சம் பொறுத்தால் பலருக்கு இரத்தம் படுவது அடங்கிவிடும் என்றார் ஜீவராணி. அதுவும் சரியான விளக்கம்தான். அதற்கும் சரிங்க மிஸ்ஸி என்றுவிட்டுப் போனாள்.

ஐந்தாம் மாதம் மறுபடி வந்து நின்றாள். அன்றுதான் ஜீவராணி பேனையைக் கீழே வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார்.

"அந்த வூட்டுல சாமியறையும் அடுப்படியும் ஒட்டுனாப்புல இருக்குங்க மிஸ்ஸி. ரத்தம் பட்டா உள்ள போகக்கூடாது. முன்னெல்லாம் மாசம் மூணு நாளு. இப்ப பத்து நாளு, பன்னெண்டு நாளு. பொய் சொல்லிட்டுப் போக மனசு வரல. போன வாரம் வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க."

"முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"நீங்க கேக்கலைங்களே."

அன்றே டொக்டர் குச்சிகளை எடுத்தார். அடுத்து என்ன என்ற பேச்சில் லூப் வந்தது. அதில் ஹோர்மோன் இல்லை, மாதமுறை பெரும்பாலும் திகதிக்கு வரும், ஆனால் முதல் சில மாதம் இரத்தப்போக்கு கூடும், இடையில் படவும் கூடும் என்றார் ஜீவராணி. இந்தமுறை வெள்ளையம்மா சரிங்க என்று சொல்லவில்லை. யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னாள். அதுவரைக்கும் பாவிக்க ஆணுறைகளை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வெள்ளவத்தைக் கோயிலில், தன் வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அம்மா ஒருவர் ஜீவராணியோடு கதைத்தார். சமையலுக்கு ஆள் தேடுகிறாராம். இருந்தவள் வெள்ளையம்மாவாம். கைப்பக்குவம் நல்லதாம், ஆனால் மாதத்தில் பாதி நாள் சாட்டுச் சொல்லிக்கொண்டு வாசலோடு நிற்பாளாம்.

அது சாட்டு இல்லை என்று ஜீவராணிக்கு வாய்வரை வந்தது. சொல்ல முடியாது. கிளினிக்கில் கேட்டது கிளினிக்கோடு. விபூதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பொறியியல் படித்த மகள் ரதியிடம் பெயரையும் இடத்தையும் விட்டு மிச்சத்தைச் சொன்னார்.

"நீங்க எல்லாம் சரியாத்தானே சொன்னனீங்கள், அம்மா" என்றாள் ரதி.

"சொன்னனான். அவளிட்ட ஒண்டும் கேக்கேல்லை."

சொன்னதில் பிழையில்லையென்றால் பிழை எங்கே என்று ரதிக்கு அன்று விளங்கவில்லை. திருப்பிக் கேட்கவுமில்லை.

விடுபட்ட பெயரை ஜீவராணியின் செத்த வீட்டில் வெள்ளையம்மாவே வந்து ரதியிடம் சொன்னாள். ஜீவராணியைப் பற்றி எழுதுவதென்றால் தன் பெயரைப் போட்டே எழுதச் சொன்னாள். அந்தச் சமையல் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தாள். முந்தியதைவிட வேலை கூட, நிற்கிற நேரமும் கூட. குச்சிகளை எடுத்து மூன்று கிழமை கழித்து லூப் வைக்கப் போனபோது ஜீவராணியிடம் ஒன்று சொன்னாளாம்.

"என் அண்ணன் மகள அனுப்புறேன் மிஸ்ஸி. அவகிட்ட மொதல்லயே கேட்டுருங்க."

கலியாணமாகி எட்டு மாதமான பெண் அவள். கிளினிக்கில் முன்னால் வந்து உட்கார்ந்ததும் தட்டை எட்டிப் பார்த்தாள். ஜீவராணி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, காலையில் எழும்பினதிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்கிறாள், யாருடைய வீட்டில், எந்தெந்த நாளில் என்று கேட்டார். அவள் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது. வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தட்டு ஜீவராணியின் பக்கத்திலேயே இருந்தது.