துருவின் மேல் ஏழு பொட்டு

வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன எங்கள் பழைய காரில் பிடித்த துருவை என் வீட்டுக்காரர் தானே சரிசெய்து பெயிண்ட் அடித்திருந்தார். அதை வாங்க இன்று அவருடைய ஆபீஸ் நண்பர் வருவதாக ஏற்பாடு.

பின்கதவு அளவுக்கு மீறிப் பளபளத்தது. தையல் பெட்டிக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஏழு இடத்தில் ஒட்டாமல் விழுந்தது.

"காந்தம் பழசுடி" என்றார் இவர்.

அரிசி டின்னில் வைத்தேன்; கப்பென்று பிடித்துக்கொண்டது.

"சரி, துரு தின்ன ஓட்டைய பட்டி மாவு பூசி அடைச்சிருக்கேன், அங்கே இரும்பே இல்லே. அவனுக்கெங்கே தெரியப்போறது?"

"நம்ம பம்பாய் மழைக்குத் தாங்குமா?"

இவர் பெயிண்ட் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார். பின் சீட்டில் உட்காரப்போவது நண்பரின் குழந்தைகள். காந்தம் விழுந்த இடத்திலெல்லாம் குங்குமம் வைத்தேன்.

வந்தவர், "என்ன மாமி, கதவுக்கு ஏழு பொட்டு?" என்றார்.

"உங்க சிநேகிதரையே கேளுங்கோ."

இவர் துடைக்கத் துணியை எடுத்தார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் குங்குமத்தை அழிக்கத் துணிச்சல் வரவில்லை; கீழே வைத்துவிட்டார். வந்தவருக்குப் புரிந்துவிட்டது; காரை வாங்காமல், காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இவரைக் கேட்டால், நான் செய்தது அதிகப்பிரசங்கித்தனமாம். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்களா?