‘வரும் சனிக்கிழமை’ என்று போட்டிருந்தது

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி மாதம். அப்போது காட்டுப்பாக்கத்தில், லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருந்தோம்.

அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கணுமா, பட்டா மாற்றணுமா, “அந்த அக்காவைக் கேளு, நெட்ல பார்த்துச் சொல்லிடும்” என்பார்கள். அதில் எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

எங்கள் எதிர் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டியவர். நாற்பத்தைந்து வயசு இருக்கும். விபத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஒன்றரை வருஷமாக மாடியை விட்டு இறங்கவில்லை. மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள்.

ஒருநாள் அவள் வந்து, “அக்கா, கவர்மெண்ட்ல சக்கர நாற்காலி தராங்களாமே, எங்க போய்க் கேக்கணும்?” என்றாள். போனை எடுத்துத் தேடினேன். முதலில் வந்த பக்கத்தைத் திறந்தேன். மேலே அரசுச் சின்னம் மாதிரி ஒரு படம், பக்கத்திலேயே அன்றைய தேதி. கீழே, மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்பு முகாம், வரும் சனிக்கிழமை காலை பத்து மணி, ஆவடியில் ஒரு மண்டபம். நேரில் வந்தால்தான் அளவெடுப்பார்கள் என்றும் இருந்தது. அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. “சனிக்கிழமை கிளம்பு” என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை என் கணவரும் கீழ்வீட்டுக்காரரும் அவரை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை. ஆட்டோவில் ஏற்றியதும், ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் நான் அணைத்து உட்கார்ந்தோம்.

பூந்தமல்லி ரோட்டில் பனி இன்னும் கலையவில்லை. மெட்ரோ தூண்கள் பாதிக்கு மேல் வெள்ளையில் மறைந்து, மேலே பாலம் தெரியாமல், வானமே பாலம் மாதிரி போனது. அவர் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

மண்டபத்தின் கேட் பூட்டியிருந்தது. உள்ளே ஒரு அம்மா பெருக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்தார்.

“அந்த முகாம் போன வருசமே நடந்துச்சும்மா. போன வாரமும் ஒருத்தர் உங்களை மாதிரியே வந்துட்டுப் போனாரு.”

போனை மறுபடி திறந்து பார்த்தேன். மேலே இருந்தது, தினமும் தானாக மாறும் தேதி. அறிவிப்பு எப்போது போட்டது என்று எங்குமே இல்லை. ‘வரும் சனிக்கிழமை’ எல்லா வாரத்திலும்தான் இருக்கிறது! யாரோ விளம்பரத்துக்காக நடத்தும் தளம் அது. எனக்கு எதிர்வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. அந்த அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் அதைக் குடித்துவிட்டு, “திரும்பிப் போலாம்” என்றார்.

வழியில் பருத்திப்பட்டு ஏரி வந்தது. “அண்ணாத்தே, சித்த நேரம் நிறுத்தறியா?” என்று அவரே டிரைவரைக் கேட்டார். ஆட்டோ தண்ணீரைப் பார்த்தபடி ஓரமாக நின்றது. பனி மெல்ல எழும்பி, அடியிலிருந்து ஏரி வெளியே வந்தது. வெள்ளைப் பறவைகள் நீரின் மேலா, பனியின் மேலா என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தன. அவர் சிரிப்பதைப் பார்த்து மனைவி, “இன்னா, நீயா சிரிச்சிகினு கீற?” என்றாள்.

“காத்து இவ்ளோ பெருசா கீதுன்னு மறந்தே பூட்டேன்” என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். “என்னை மன்னிச்சிடுங்க, சரியா பார்க்காம கூட்டிட்டு வந்துட்டேன்” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஏரியைப் பார்த்தார்.

அங்கேயே உட்கார்ந்து, முகவரி gov.in என்று முடிகிற மாவட்டத் தளத்தைத் தேடிப் பிடித்தேன். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலக எண் அதில் இருந்தது. திங்கட்கிழமை போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாக, அடுத்த முகாமின் தேதி, இடம், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தேதியை வருஷத்தோடு திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். முகாமுக்கு முதல் நாள் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவரை மாடியிலிருந்து இறக்கினோம்.

அளவெடுத்து, சில மாதங்களில் நாற்காலி வந்தது. பிறகு தரைத்தளத்தில் ஒரு வீடு காலியானபோது அவர்களே அதற்குக் குடிபோனார்கள். இப்போது சாயங்காலங்களில் அவரே தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போய் வருகிறாராம்.

இப்போதும் என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். “விசாரிச்சிட்டுச் சொல்றேன்” என்று நான் சொல்லும் ஒவ்வொரு முறையும், என் ஒரு வார்த்தையை நம்பி இரண்டு மாடி இறங்கிய அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.