சங்கு ஊதினால் நிற்கும் நாவல்

அன்றைக்கு வகுப்பில் இருந்தவர்களை விடாமல் சொல்லிவிடுகிறேன்: பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர், தமிழ் டீச்சர், அவர் செல்போன், எங்கள் மைக்செட் கடையின் கறுப்பு ஸ்பீக்கர், அதன் ஒயர் சூடாகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நான். இன்று காலை அந்த ஸ்பீக்கரைப் பழைய சாமானுக்குப் போடத் திறந்தேன். கருகிய தூசியின் வாடை அப்படியே இருந்தது. வாடை இழுத்த இழுப்பில் திருவொற்றியூர் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். பாடப்புத்தகத்தில் ஒரு பழைய நாவலின் துண்டு மட்டும் இருந்ததாம். முழுக்கதையையும் பிள்ளைகள் கேட்கட்டும் என்று, யாரோ வாசித்த ஒலிநூலை டீச்சர் செல்போனில் போட்டார். வெளியே போகும் கன்டெய்னர் லாரிகள் அந்தக் குரலைத் தின்றுவிட்டன. அதனால்தான் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் ஸ்பீக்கர். மாட்டிக் கொடுத்துவிட்டு நான் டீ குடிக்கப் போகலாம். போகமாட்டேன். ஃப்யூஸ் போய்விடும் என்று முதலாளியிடம் சொல்லிவைத்திருந்தேன். பயம் பாதி, கதை பாதி.

மூன்று மணிக்குப் பின்பக்கத்து ஃபேக்டரியில் சங்கு ஊதும். டீச்சர் கதையை நிறுத்துவார். அடுத்து என்ன நடக்கும் என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் சாக்பீஸ் டப்பாவில் அஞ்சு ரூபாய். டப்பா நிறைந்தால் எல்லோருக்கும் சமோசா.

அதுதான் கடைசி வாரம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கதையில் கப்பலேறிப் போன மகனுக்காக அம்மா கரையில் நிற்கிறாள். சங்கு ஊதியது.

"இத்தனை வாரமா சும்மாவே கேட்டீங்களே, இன்னைக்கு நீங்களும் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

எதிலும் கெட்டதைத்தான் என் மனசு முதலில் பார்க்கும். "கப்பல் முழுகியிருக்கும் டீச்சர். அவன் வரமாட்டான்."

நெட்டுக்குப்பத்து ஸ்டெல்லா எழுந்தாள். "இன்னாண்ணே, கடலுக்குப் போனவன அப்டி சொல்லலாமா? எங்க நைனா இப்ப போட்லதான் கீறாரு, தெரிமா?"

"வாயக் கழுவுண்ணே!" என்றது கடைசி பெஞ்சு.

டீச்சர் கதையை மறுபடி ஓடவிட்டார். அவன் திரும்பி வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்; என் பரீட்சைக்குக்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. குரல் நிதானமாக வாசித்தது. தாடி வைத்த ஒருவன் படகிலிருந்து இறங்குகிறான். அம்மா அவன் நெற்றித் தழும்பைத் தடவிப் பார்க்கிறாள். மகன்தான்! பெஞ்சுகள் அதிர்ந்தன. ஸ்டெல்லா மட்டும் சிரிக்காமல் கையை நீட்டினாள். "எடு அஞ்சு ரூபா."

என்னிடம் நூறு ரூபாய் நோட்டுதான் இருந்தது. "அடுத்த வாரம் தரேம்மா."

"ஏமாத்திடாத, மைக்செட்டண்ணே."

நான் சொன்னது ஸ்டெல்லா அப்பாவுக்குப் பலித்துவிடுமோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெட்டுக்குப்பம் போனேன். ஸ்டெல்லா அப்பா யார் என்று விசாரித்தேன். அப்போதுதான் கரையேறியிருந்த படகைக் காட்டினார்கள். கிட்டப் போனேன். "யோவ், வலைய மிதிக்காத, ஓரமா நில்லு!" என்று கத்தினார் அவர். அவ்வளவு இனிப்பான திட்டை நான் வாங்கியதே இல்லை. வந்த காரணத்தைச் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரம் பரீட்சைக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளும் இல்லை, டீச்சரும் மாற்றலாகிப் போனார். ஃபேக்டரி மூடிவிட்டது, சங்கும் இல்லை. இப்போது நானும் செல்போனில் கதை கேட்கிறேன். மூன்று மணியானால் கை தானாக நிறுத்துகிறது. அடுத்து என்ன என்று கேட்க ஆளில்லை. சாக்பீஸ் டப்பாவுக்கு நான் தர வேண்டியது இன்னும் அப்படியே நிற்கிறது: அஞ்சு ரூபாய்.